எல்லாம் வந்துவிட்டது, எதுவும் தெரியவில்லை

"லேண்ட்ஸ்கேப்பா? அப்ப வைடு வாங்குங்க சார், எல்லாம் உள்ள வந்துடும்." கேமரா கடையில் லென்ஸ் விலை கேட்ட எவரும் இந்த வாக்கியத்துக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. யூடியூபில் பாடம் நடத்துகிறவர், கல்யாண வீட்டில் கேமரா பிடிக்கிற தம்பி, மலையேறப் போய்வந்த மாமா என்று எல்லோரும் ஓதுவது இதே மந்திரம்தான். இயற்கைக்காட்சி பெரியது, பெரியதைப் பிடிக்க அகலமான லென்ஸ் வேண்டும், லென்ஸ் அகலமானால் படமும் பிரம்மாண்டமாகும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது நேர்மாறு. லென்ஸ் அகல அகல, எதிரே இருக்கும் காட்சி சிறுத்துக்கொண்டே போகிறது.

இதைச் சோதித்துப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கத்தைவிடத் தோதான இடம் கிடையாது. தரை பாய் விரித்த மாதிரி தட்டை என்பது ஒரு காரணம். இந்த நம்பிக்கையை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த கருவியே இங்கே தயாராகிறது என்பது இன்னொன்று. 2019 செப்டம்பரில் வந்த ஐபோன் 11 வரிசையில்தான் ஆப்பிள் முதன்முதலாக அதிஅகல லென்ஸைச் சேர்த்தது. 120 பாகைப் பார்வை, பிலிம் கேமரா கணக்கில் 13 எம்எம். அடுத்த ஆண்டே அந்த மாடலைச் சுங்குவார்சத்திரம் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் பொருத்த ஆரம்பித்தார்கள். இன்று ஓரளவு விலையுள்ள பல போன்களில் 0.5 என்றொரு பொத்தான் இருக்கிறது. அதைப் பொருத்துகிறவர்கள் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஏறும் சாலையோரம் நின்று அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கால்வாசிப் படத்தில் தார் ரோடு, பாதிக்குமேல் வெளுத்த வானம், நடுவில் ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோடுதான் பல்லாயிரம் பேர் வேலை செய்யும் தொழிற்பேட்டை.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்குப் பள்ளிக்கூடத்து விகிதக் கணக்கு போதும். ஃபுல் ஃபிரேம் கேமரா, 16 எம்எம் லென்ஸ். கண் உயரத்தில், அதாவது 1.6 மீட்டரில், மேலே கீழே சாய்க்காமல் பிடியுங்கள். சென்சாரின் உயரம் 24 மி.மீ.; அடிவானம் நட்டநடுவில் விழும்; மேலே 12 மி.மீ. வானம், கீழே 12 மி.மீ. தரை. அந்தத் தரைப்பங்கு எப்படிப் பிரிகிறது? உங்கள் காலிலிருந்து பத்து மீட்டர் வரை உள்ள மண் மட்டும் 9.4 மி.மீ. எடுத்துக்கொள்கிறது. பத்திலிருந்து ஐம்பது மீட்டர் வரை 2 மி.மீ. ஐம்பது மீட்டருக்கு அப்பால் அடிவானம் வரை விரிந்துகிடக்கும் வயல், ஏரி, சாலை, ஊர் அத்தனைக்கும் சேர்த்து மிச்சம் இருப்பது அரை மில்லிமீட்டர். முந்நூறு மீட்டர் தள்ளி 15 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஆலைக் கொட்டகையின் உயரம் சென்சாரில் 0.8 மி.மீ. ஏ4 தாளில் அச்சிட்டால் 7 மில்லிமீட்டர்கூட வராது.

ஆக, "எல்லாம் உள்ளே" என்று சொல்லி எடுத்த படத்தில் உண்மையில் இருப்பது பத்து மீட்டர் மண்ணும் ஒரு வானமும்தான். மற்றதெல்லாம் பேருக்கு இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த, 18,720 பேர் தங்கக்கூடிய தொழிலாளர் விடுதியைச் சாலையிலிருந்து 0.5-ல் எடுத்தவர்கள் தங்கள் போனைத் திறந்து பார்க்கட்டும். அத்தனை மாடிகளையும் அத்தனை ஜன்னல்களையும் அந்த லென்ஸ் வரிசையாக அடுக்கிய தீப்பெட்டியாக்கிவிட்டிருக்கும்.

படம் சப்பென்று இருந்தால் லென்ஸைத் திட்டுகிறோமா என்றால் அதுவும் இல்லை. ஊரைத் திட்டுகிறோம். "இங்க எடுக்க என்னங்க இருக்கு? மலை இல்லை, அருவி இல்லை, எங்க திரும்பினாலும் காம்பவுண்டு சுவரு." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சென்னையிலிருந்து கேமராப் பையோடு இந்த வழியாகத்தான் எல்லோரும் போகிறார்கள், ஏலகிரிக்கு, ஏற்காட்டுக்கு, குடகுக்கு. இருங்காட்டுக்கோட்டை தாண்டும்போது யாரும் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதில்லை. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிப் பாசனம் தென்னிந்திய வரலாறு படித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒன்றின் உபரியை அடுத்தது வாங்கிக்கொள்ளும் ஏரிச் சங்கிலி அது. அதன் நடுவே 1998-ல் சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கியதிலிருந்து 2010-ல் ரெனோ–நிஸான் திறந்தது வரைக்குமான பன்னிரண்டு ஆண்டுகளில் முளைத்த ஆலைகள். ஒரு தலைமுறைக்குள் நிலம் ஆள் மாறியதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அதைத்தான் "ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுகிறோம்.

வைட் ஆங்கிள் லென்ஸுக்கென்று ஒரு வேலை உண்டு. அது பக்கத்தில் போகும் வேலை. தூரத்தில் இருப்பதைச் சுருக்குவது போலவே, கிட்டத்தில் இருப்பதைப் பூதமாக்குவதும் அதன் குணம். இந்த இரண்டாவது குணத்தைப் பயன்படுத்தாதவர் அந்த லென்ஸுக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். இந்தப் பக்கத்துப் பழைய ஏரிகள் சிலவற்றில், உட்கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் குறுக்கே துளை போட்ட கற்பலகைகள். துளை வழியாகக் கழியை இறக்கித் தூம்பை அடைத்துத் திறப்பார்கள். கோடையில் தண்ணீர் வடிந்தபின் சேற்றில் காலை ஊன்றித் தூணுக்கு 80 சென்டிமீட்டர் கிட்டத்தில் போய்விடலாம். அங்கிருந்து அதே 16 எம்எம் லென்ஸில் தூணின் ஒரு மீட்டர் நீளம் 20 மி.மீ. ஆகிறது, அதாவது படத்தின் உயரத்தில் ஆறில் ஐந்து பங்கு. உளித் தழும்பு, தண்ணீர் நின்ற மட்டத்தைக் காட்டும் வெள்ளைக் கறை, எந்தத் தேர்தலிலோ யாரோ சுண்ணாம்பில் போட்ட அரைகுறைச் சின்னம், எல்லாம் தடவிப் பார்க்கலாம் போலிருக்கும். பின்னால் முந்நூறு மீட்டரில் நீலத் தகடு போட்ட ஆலை அதே 0.8 மில்லிமீட்டரில்தான் நிற்கிறது. ஆனால் இப்போது அந்தச் சிறுமைக்கு அர்த்தம் வந்துவிட்டது. யார் முன்னால், யார் பின்னால் என்பதைப் படம் சொல்கிறது. அந்த ஏரியின் ஆயக்கட்டில் இன்று நெல் இல்லை, லாரி நிறுத்துமிடம் இருக்கிறது என்றால், தூணுக்கும் கொட்டகைக்கும் இடையிலுள்ள வெற்றிடம்தான் செய்தி.

இங்கேதான் காம்போசிஷன் என்கிற சமாசாரம் ஆரம்பிக்கிறது. தூணிலிருந்து 20 செ.மீ. வலப்பக்கம் நகருங்கள், ஒரு சாண் அளவுதான். தூண் சென்சாரில் 4 மி.மீ. இடம் பெயர்ந்துவிடும். ஆலையோ நூலளவும் அசையாது. ஒரு சாணில், ஆலையின் தண்ணீர்த் தொட்டி தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கேமராவை ஒரு சாண் உயர்த்தினால் தூணின் தலைமேல் தொப்பியாக உட்கார்ந்துகொள்கிறது. டெலி லென்ஸ்காரர் பத்தடி நடந்தாலும் வராத மாற்றம் இது. ஆகவே அகல லென்ஸ் வைத்திருப்பவருக்கு முழங்கால்தான் முக்கியமான கருவி. குந்த வேண்டும், எழ வேண்டும், வயிற்றைத் தரையில் வைத்துப் படுக்கவும் வேண்டும். முக்காலியைக் கண் உயரத்துக்கு நீட்டி, அதன் பின்னால் சிலையாக நின்று, ரிமோட்டை அழுத்துவதில் இந்த லென்ஸுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

கிட்டே போனால் பின்னணி மங்கிவிடும் என்ற பயம் சிலருக்கு. 16 எம்எம்-ல் அப்பர்ச்சரை எஃப் 11-க்குக் கொண்டுபோய், 0.8 மீட்டரில் ஃபோகஸ் பூட்டினால் 40 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் ஏற்றுக்கொள்ளும்படியான கூர்மையில் வரும். ஒளியியல் தானாக முன்வந்து தரும் சலுகை. அதை வாங்கிக்கொள்ளாமல் "இன்ஃபினிட்டி"யில் ஃபோகஸ் வைத்து முன்னால் இருப்பதைக் குழப்பிவிடுகிறார்கள். போலரைசர் மாட்டுவது இன்னொரு வியாதி. நூறு பாகைக்கு மேல் விரியும் வானத்தில் ஒரு பக்கம் கருநீலத் திட்டு, மறுபக்கம் வெளுப்பு. சூரியனுக்குச் செங்குத்தான திசையில் மட்டும் அது முழுவேகத்தில் வேலை செய்வதால் வரும் வினை. கழற்றி வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

"அதான் எங்களுக்குத் தெரியுமே, ஃபோர்கிரவுண்டுல ஏதாவது வைக்கணும்" என்று ஒரு கூட்டம் வரும். இவர்கள் முதல் கூட்டத்தைவிட மோசம். இணையத்தில் பாதிப் பாடங்கள் இதைத்தான் கற்பிக்கின்றன. முன்னால் ஒரு பாறையை வை, நடுவே ஒரு கோடு ஓடட்டும், பின்னால் மலை. நார்வேயில் எடுத்தாலும் நாகர்கோவிலில் எடுத்தாலும் ஒரே படம். ஒரகடத்தில் பாறைக்கு எங்கே போவது என்று தேடி, சாலைப் பணிக்குக் கொட்டிய ஜல்லியை முன்னால் வைத்து எடுத்த ஒரு படத்தை நான் பார்த்திருக்கிறேன். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல இடமில்லை, கூர்மை பிரமாதம். ஆனால் அந்த ஜல்லி ஏன் அங்கே என்று கேட்டால் பதில் கிடையாது. முன்னால் வருவது இடத்தை அடைக்க வந்த பொம்மையாக இருந்தால், பின்னால் இருப்பதும் துணிக்கடைத் திரைச்சீலை ஆகிவிடுகிறது. முன்னதற்கும் பின்னதற்கும் ஒரு வழக்கு இருக்க வேண்டும், உறவோ பகையோ. காம்பவுண்டு சுவரின் அடியில் போட்ட குழாய்க்குள் நுழைந்து மறையும் வாய்க்கால் முகத்தைக் கிட்டத்தில் வைத்து, சுவருக்கு மேல் ஆலையின் கூரை தெரியும்படி எடுத்தால் அது ஒரு வழக்கு. அடுத்த மழைக்கு அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி படத்தில் தானாக எழும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி அடையாறு சென்னைக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. தொல்காப்பியம் நிலத்தை வகுத்தபோது நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று சொல்லி அதோடு நிறுத்தவில்லை. மரம், பறவை, பறை, தொழில் என்று கருப்பொருளை அடுக்கி, அதற்குமேல் மனித உணர்வை உரிப்பொருளாக வைத்தது. சங்கக் கவிஞர்கள் பெரும்பாலும் நிலத்தைக் கிட்டத்துப் பொருளிலிருந்தே தொடங்குகிறார்கள், ஒரு நண்டிலிருந்து, ஒரு நாரையிலிருந்து. அடிவானம் தேவைப்பட்டால் பிறகு வரும்.

அகல லென்ஸ் "டிஸ்டார்ட்" பண்ணும் என்ற புகாரையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிட்டத்தது பெரிதாக, தூரத்தது சிறிதாகத் தெரிவதை லென்ஸின் குணம் என்று மேலே சொன்னது பேச்சு வசதிக்கு. கறாராகப் பார்த்தால் அது லென்ஸின் செயல் அல்ல, நீங்கள் நிற்கும் இடத்தின் செயல். அதே இடத்தில் நின்று 50 எம்எம்-ல் எடுங்கள். அகலப் படத்தின் நடுப்பகுதியை வெட்டி அதன் பக்கத்தில் வையுங்கள். விகிதத்தில் இம்மியும் வித்தியாசம் இருக்காது. லென்ஸின் சொந்தக் குறும்பு ஒன்று உண்டுதான். மூலைகளை இழுத்துவிடும். படத்தின் ஓரத்தில் நிற்கும் ஆளின் தலை பரங்கிக்காய் ஆகும், கன்டெய்னர் லாரியின் முகப்பு ரப்பராய் நீளும். மனிதரை மூலையில் நிறுத்தாதீர்கள், கேமராவை அண்ணாந்து பிடித்து உயர்மின் கோபுரங்களைச் சாய்க்காதீர்கள். இந்த இரண்டை நினைவில் வைத்தால் போதும்.

சரி, நிஜமாகவே எல்லாம் வேண்டும் என்றால்? 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் செய்ததைச் செய்யலாம். மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அந்தப் படை அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைப் பதிவு செய்ய நினைத்தார். தள்ளி நின்று ஒரே படமாக எடுத்திருந்தால் எழுத்து ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. அவர் கேமராவைத் தூக்கித் தூக்கி வைத்துத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளத்தில் ஒரு சுருளாக்கினார். கோடைவெயிலும் காகித நெகட்டிவுமாக அது லேசான வேலையாக இருந்திருக்காது. எல்லாவற்றையும் காட்ட அவர் கண்ட வழி நடப்பதுதான். ஒரே க்ளிக்கில் முடிகிற சோம்பேறி வழியை அவர் தேடவில்லை.

தொழிற்பேட்டையில் எடுக்க ஒன்றுமில்லை என்பவர்கள் லூயிஸ் பால்ட்ஸைப் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவில் இர்வைன் பக்கத்துப் புதிய தொழிற்பேட்டைகளை எடுத்த அவருடைய 51 படங்கள் 1974-ல் புத்தகமாயின. அடுத்த ஆண்டு ராச்செஸ்டரில் நடந்த ‘நியூ டோப்போகிராஃபிக்ஸ்’ கண்காட்சி, மனிதன் கைவைத்த நிலமும் நிலக்காட்சிதான் என்பதை நிலைநாட்டியது. பால்ட்ஸ் பிரம்மாண்டத்தைத் தேடவில்லை. சுவருக்கு நேர் எதிரே நின்றார். ஷட்டர், குழாய், புல்வெளி ஓரம், பூசிய சிமென்ட். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று வெளியே நின்று கண்டுபிடிக்க முடியாத கட்டடங்கள் அவை. ஒரகடம் சிப்காட் சாலைகளில் ஒருமுறை நடந்துவந்தவருக்கு அந்தப் படங்கள் எந்த ஊர் என்று சந்தேகமே வரும். (வாசலுக்கு எதிரே கேமராவைத் தூக்கினால் செக்யூரிட்டி அண்ணன் விசிலடித்துக்கொண்டு வருவார் என்பது வேறு கதை. சாலையின் மறுபக்கம் நின்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்.)

ரகுபீர் சிங் இன்னும் கெட்டிக்காரர். அவர் 1999-ல் இறந்தபின் 2002-ல் வெளியான கடைசிப் புத்தகத்தில் இந்தியா முழுவதும் ஓர் அம்பாசடர் காரோடு வருகிறது. கதவு, கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடியில் விழும் பிம்பம் என்று காரின் உறுப்புகளே சட்டத்தைத் துண்டு போடுகின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒரு காட்சி. கைநீட்டினால் தொடும் தகடும் தூரத்து மனிதர்களும் ஒரே படத்தில் சண்டையில்லாமல் இருக்கிறார்கள். கார் செய்யும் ஊரில் இந்தப் பாடத்துக்கு வேறு பாடப்புத்தகம் தேவையா? விடிகாலை ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸின் ஜன்னல் கம்பி, அதில் சாய்ந்து தூங்கும் முகம், வெளியே பனைமரம் நின்ற ஏரிக்கரை. தூங்குகிறவரை எழுப்பி அனுமதி கேட்டுவிட்டு எடுங்கள், அது ஒன்றுதான் நிபந்தனை.

இவ்வளவு கோபம் ஒரு லென்ஸுக்கு வேண்டுமா என்று கேட்கலாம். அழகு பற்றிய தகராறு மட்டும் என்றால் வேண்டாம்தான். ஆனால் இதே அகல லென்ஸ் இந்த வட்டாரத்தில் நிலம் விற்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வரிசையாக நிற்கும் தட்டிகளைப் பாருங்கள். முப்பதுக்கு நாற்பது, 1,200 சதுர அடி, அரை கிரவுண்டு மனை. போனை 0.5-ல் வைத்து, மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் குனிந்து எடுத்த படம். அதில் அந்த மனை கிரிக்கெட் மைதானமாக விரிகிறது. எதிர் மூலைக்கல் கண்ணுக்கெட்டாத தூரத்தில். மனைக்குப் பின்னால் இருக்கும் ஆலையும், அதன் புகையும், பக்கத்து ஏரியின் கலங்கலும் மெல்லிய கோடாகச் சுருங்கிவிடுகின்றன. எது கிட்டத்தில், எது தூரத்தில் என்பதில்தான் மனையின் விலையே இருக்கிறது. அந்த இரண்டையும் லென்ஸ் மாற்றிப் போட்டுவிட்டது. "எல்லாம் உள்ள இருக்கே சார், நாங்க எதையும் மறைக்கலியே" என்பார் புரோக்கர். சொல்வது சரிதான், ஒன்றையும் மறைக்கவில்லை. காணாமல்போகிற அளவுக்குச் சிறிதாக்கியிருக்கிறார்.

பெரிய அளவில் நடப்பதும் இதுதான். ஒரு வட்டாரத்தையே மேலிருந்தோ தூரத்திலிருந்தோ அகலமாக எடுத்தால் எல்லாம் "காலி நிலம்" போலத்தான் தெரியும். ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே பரந்தூரில் விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்த நாள் முதல் ஏகனாபுரம் மக்கள் எதிர்த்துப் போராடுகிறார்கள். அந்த நிலத்தின் ட்ரோன் படங்களில் பச்சையும் பழுப்புமாகச் சதுரங்கள். வரப்பு ஒரு கீறல், வீடு ஒரு புள்ளி, ஆள் கிடையாது. சிறிய ட்ரோன்கள் பெரும்பாலானவற்றில் இருப்பதும் 24 எம்எம் அளவிலான அகல லென்ஸ்தான். "எல்லாத்தையும் உள்ளே கொண்டுவந்துடும்" என்ற அதே நம்பிக்கை, இறக்கை கட்டிக்கொண்டு பறக்கிறது. விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் அந்த விவாதத்தில் ஒரு தரப்பின் வீட்டுவாசல் புள்ளியாகவே தெரியும்படி படம் எடுத்துவிட்டு, இதுதான் முழுக்காட்சி என்று யாரும் சொல்லக்கூடாது.

உயரம் ஏறுவதே தப்பு என்று சொல்லவில்லை. நாலு மீட்டர் ஏரிக்கரை மேல் ஏறினால், ஐம்பது மீட்டருக்கு அப்பாலுள்ள தரைக்குப் படத்தில் கிடைக்கும் இடம் மூன்றரை மடங்கு ஆகிறது. தட்டையான ஊரில் அது பெரிய லாபம், ஏறத்தான் வேண்டும். ஏறிப் பார்த்து, ஊரின் அமைப்பு பிடிபட்டதும், இறங்கிவிட வேண்டும். ஏகனாபுரத்துக்கோ எழிச்சூருக்கோ வல்லத்துக்கோ 16 எம்எம் லென்ஸோடு போகிறவர்கள் கரையில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும், அது குறிப்புக்கு. பிறகு கீழே வந்து, களத்துமேட்டில் உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் நாலு வார்த்தை பேசி, அவர் முறத்துக்கு ஓரடி தூரத்தில் உட்கார்ந்து கேமராவை எடுக்கட்டும். மனை வாங்கப் போகிறவர்கள் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நூறடி டேப்பைக் கொண்டுபோகட்டும்.